சாமைச் சோறும் சர்க்கரை வியாதியும்

சர்க்கரை வியாதி கண்ட அங்கத்தினர் பலர் இப்போது கல்வராயன் மலைச் சாமையைத் தேடி வாங்குகின்றனர். மலைச்சரிவுகளில் மரவள்ளிக்கு இடம்விட்டு ஒதுங்கிய அத்தானியத்திற்கு மீண்டும் மதிப்பு வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அதனை மருந்தென்று எண்ணி, அரிசிச் சோறு உண்ட அதே அளவில் உண்பது தவறு என்பது என் அபிப்பிராயம்.

நூறு கிராம் அரிசியில் மாவுப்பொருள் சுமார் 78 கிராம்; சாமையில் 65 கிராம். நார்ச்சத்து சாமையில் அதிகம் என்பது மெய். எனினும் இரண்டாம் முறை வட்டிலில் இட்டுக்கொண்டால் அந்த லாபம் போய்விடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்த ஆய்வின் முடிவு 2025-இல் வெளிவந்தது. நம் ஜனங்கள் ஆகாரத்தால் பெறும் சக்தியில் 62 சதவீதம் மாவுப்பொருளிலிருந்தே வருகிறதாம். மாவின் அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றினால் வியாதி வரும் வாய்ப்புக் குறைவதாகக் காணவில்லை. மாவில் ஒரு பகுதியைக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பையோ பாலையோ சேர்த்தால் குறையும் எனக் கண்டனர்.

நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நால்வர் உள்ள குடும்பத்துக்கு ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி இலவசம். துவரம்பருப்போ 30 ரூபாய்க்கு ஒரே கிலோ! வட்டிலும் அவ்வாறே நிறைகிறது. முதலில் காயும் பருப்பும் உண்டு, பிறகு சோற்றைத் தொட்டால் சர்க்கரை மெல்ல ஏறும். சோறும் தானே குறையும். மொச்சை, கொள்ளு, தட்டைப்பயறு, முட்டை, மோர் எதுவும் நமக்குப் புதிதன்று.

வெல்லம் தீங்கற்றது என்பாரும் உளர். மூங்கில்துறைப்பட்டு ஆலைச் சர்க்கரையும் வெல்லமும் ஒரே கரும்பின் பிள்ளைகள். இரத்தத்தில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். கரும்பு பயிரிடுவோர் என்னைக் கோபிக்கலாகாது. நானும் கரும்பு போடுகிறவனே.

இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர் வைத்தியரைக் கேளாமல் திடீரெனச் சோற்றைக் குறைக்க வேண்டாம். தறியில் இருக்கையில் கை நடுங்கி வியர்த்தால் அது சர்க்கரை தாழ்ந்த அறிகுறியாகலாம். அவ்வேளையில் மட்டும் சர்க்கரையே மருந்து.

நமது சங்கம் சாமை கொள்முதல் செய்யும் யோசனை அடுத்த மகாசபைக்கு வருமானால், மொச்சையையும் கொள்ளையும் அத்துடன் சேர்த்தே வாங்கி விற்க வேண்டுமென நான் திருத்தம் கொண்டுவருவேன்.