நம்பர் நம்முடையது, பூட்டு யாருடையது?

செல்போன் கம்பெனியை மாற்றினாலும் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்பது இன்று ஊரறிந்த சங்கதி. மில் கேட்டுக்கு எதிரே குடை விரித்து சிம் விற்கும் பையன்கூட, "போர்ட் பண்ணிக்கலாம்ணே, நம்பர் மாறாது" என்று கூவி அழைக்கிறான். ஆனால் இந்த உரிமையைக் கொடுக்க மனமில்லாமல் கம்பெனிகள் எத்தனை வருஷம் இழுத்தடித்தன, கொடுத்த பிறகும் அதற்கு எத்தனை பூட்டுப் போட்டன, அவற்றில் எவை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பதையெல்லாம் எழுதப் பெரிய பத்திரிகைகளுக்கு அவ்வளவாகக் கை வருவதில்லை. முழுப்பக்க விளம்பரம் கொடுப்பவர்கள் யார் என்பது தெரிந்ததுதானே! நாம் எழுதுகிறோம்.

"பத்து இலக்க நம்பர்தானே, போனால் இன்னொன்று வாங்கிக்கொள்வது!" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நம்பர் என்பது பேசுவதற்கு மட்டும். நமக்கோ அது விலாசம். பஞ்சாலைத் தொழிலாளி தன் பிராவிடண்ட் பண்டு கணக்கைத் திறந்து பார்க்க வேண்டுமானால் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வருகிறது. கூலி பாங்கியில் ஏறிவிட்டது என்ற செய்தியும் அதற்குத்தான் வருகிறது. ஆதார், ரேஷன் கார்டு, காஸ் சிலிண்டர், பிள்ளையின் ஸ்காலர்ஷிப் எல்லாம் அந்த ஒரே நம்பரில் கோக்கப்பட்டிருக்கின்றன. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்ப்பவர் கூப்பிடுவதும் அந்த நம்பரைத்தான். நம்பர் மாறினால் பாங்கிக்கு ஒரு நாள், ஆதார் மையத்துக்கு ஒரு நாள், காஸ் ஏஜென்சிக்கு ஒரு நாள் என்று அலைய வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. இந்த அலைச்சலுக்குப் பயந்துதான், டவர் எடுக்காத கம்பெனியோடும் காசைப் பிடுங்கும் கம்பெனியோடும் ஜனங்கள் வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். அந்தப் பயமே கம்பெனிகளுக்கு ஒரு மூலதனம்.

மூலதனத்தை யாராவது சும்மா விட்டுக் கொடுப்பார்களா? சிங்கப்பூரில் இந்த ஏற்பாடு 1997லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் கம்பெனிகள் மனுப்போட்டும் கோர்ட்டுக்குப் போயும் தள்ளித் தள்ளி, 2003 நவம்பரில்தான் பணிந்தன. நம் நாட்டில், டிராய் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006லேயே சிபாரிசு செய்தது. விதிகள் வெளிவந்தது 2009 செப்டம்பரில். அதன் பிறகும் நாள் குறிப்பதும் தள்ளுவதுமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. கடைசியில் 2010 நவம்பர் 25 அன்று அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் அமுலுக்கு வந்தது. அப்போதும் பாதி உரிமைதான். ஒரே தொலைபேசி வட்டாரத்துக்குள் மட்டுமே மாறலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்து சேர்ந்த தொழிலாளி, தன் ஊர் நம்பரை இந்த வட்டாரத்து நம்பராக ஆக்கிக்கொள்ள 2015 ஜூலை 3 வரை காத்திருந்தான். அதுவரை ரோமிங் காசு கட்டினான், அல்லது இரண்டு சிம் வைத்துக்கொண்டு அல்லாடினான்.

சரி, உரிமை வந்தது. வழியும் சுலபமானதுதான். ஆங்கிலத்தில் போர்ட் என்று எழுதி, ஓர் இடம் விட்டு, நம் பத்து இலக்க நம்பரை எழுதி, 1900 என்ற எண்ணுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோடு வரும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதிய கம்பெனிக்காரனிடம் போனால் போதும். பழைய கம்பெனியின் வாசலை மிதிக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு எஸ்.எம்.எஸ்.! அதில்தான் பூட்டைப் போட்டார்கள். 2021 நவம்பரில் வோடபோன் ஐடியா கம்பெனி குறைந்தபட்ச ரீசார்ஜை 79 ரூபாயிலிருந்து 99 ரூபாயாக உயர்த்தியது. அந்த 99 ரூபாய்க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் வசதி கிடையாது. வேண்டுமானால் 179 ரூபாய் ரீசார்ஜுக்குப் போ என்றது. இதன் பொருள் என்ன? கம்பெனியை விட்டு விலக நினைப்பவன், விலகுவதற்காகவே அதே கம்பெனிக்கு 179 ரூபாய் கப்பம் கட்ட வேண்டும். வேலையை விட்டு நிற்கிறேன் என்று சொல்ல வந்த தொழிலாளியிடம், கேட்டைத் திறந்துவிட அரை நாள் கூலியைக் கட்டு என்று மில் நிர்வாகம் கேட்டால் எப்படியிருக்கும்? அந்தக் கதைதான்! 500 ரூபாய், 700 ரூபாய் ரீசார்ஜ் போடுபவனுக்கு இந்தப் பூட்டு கண்ணிலேயே படாது. 99 ரூபாயை எண்ணி எடுத்துப் போடுகிற கூலிக்காரனுக்கு மட்டும்தான் கதவு அடைபட்டது.

புகார்கள் கிளம்பின. போட்டிக் கம்பெனி ஒன்றும் புகார் செய்தது. நம் மேல் கொண்ட பரிவால் அல்ல, ஆள் பிடிக்கும் அவசரத்தால். 2021 டிசம்பர் 7 அன்று டிராய் உத்திரவு போட்டது. வாடிக்கையாளர் எந்த ரீசார்ஜ் போட்டிருந்தாலும் சரி, 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப எல்லாக் கம்பெனிகளும் வழிவிட வேண்டும் என்பது உத்திரவு. இதை நம் தோழர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். "பெரிய ரீசார்ஜ் போட்டால்தான் போர்ட் ஆகும்" என்று கடையில் எவராவது சொன்னால் அது பொய். நம்பர் உயிரோடு இருந்தால் போதும். ஆனால் 90 நாள் எந்த உபயோகமும் இல்லாமல், 20 ரூபாய்கூட இருப்பு இல்லாமல் போட்டு வைத்த நம்பரை நிறுத்திவிட விதியில் இடமுண்டு. அப்புறம் அது வேறொருவர் கைக்குப் போய்விடும். மூட்டையில் கிடக்கும் இரண்டாவது சிம்மை ஒருதரம் எடுத்துப் பாருங்கள்.

பூட்டின் இன்னொரு வகையை 2018 பிப்ரவரியில் தமிழ்நாடே பார்த்தது. 1999ல் இங்கே தொடங்கி, மலிவுக்குப் பேர் வாங்கி, மூலை முடுக்கெல்லாம் பரவியிருந்தது ஏர்செல். கடனில் மூழ்கிய அந்தக் கம்பெனியின் டவர்கள் ஒரு நாள் ஊமையாகிவிட்டன. மாறிப் போகலாம் என்றால் கோடு வாங்க எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும், எஸ்.எம்.எஸ். அனுப்ப டவர் வேண்டும், டவர்தான் இல்லையே! ஊருக்கு ஊர் அலுவலக வாசலில் கூட்டம். பாங்கியிலிருந்து ஓ.டி.பி. வராமல் சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர்! பிப்ரவரி 28 அன்று கம்பெனி திவால் மனுப்போட்டது. வாங்கிய கோடு 2018 ஏப்ரல் 15 வரை செல்லும் என்று டிராய் கால நீட்டிப்புக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் கம்பெனி சாய்ந்தால் அதன் நம்பர்களைத் தாமாகவே வேறு கம்பெனியில் சேர்க்கும் ஏற்பாடு அன்றும் இல்லை. முதலாளியின் கடனுக்குத் தொழிலாளி வெயிலில் வரிசையில் நின்றதுதான் மிச்சம்.

இவை கடந்துபோன பூட்டுகள். தொங்கிக்கொண்டிருப்பவற்றுக்கு வருவோம்.

ஒரு கம்பெனிக்கு மாறினால் 90 நாள் அங்கேயே இருந்தாக வேண்டும் என்பது விதி. தினம் ஒரு கம்பெனி மாறினால் நிர்வாகம் நடக்காது என்கிறார்கள். அதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சேர்ந்த பத்தாம் நாளே கம்பெனி கட்டணத்தை ஏற்றினால்? ஆசை காட்டிய டவர் வீட்டுக்குள் எட்டவே எட்டாவிட்டால்? கம்பெனி தன் வார்த்தையை மீறலாம், நாம் மட்டும் 90 நாள் கற்பு காக்க வேண்டுமா? கட்டணம் ஏறிய அன்றே இந்தக் கெடு ரத்தாக வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

அதைவிடப் பெரியது இருப்புப் பணம். பிரீபெய்டு சிம்மில் மிச்சமிருக்கும் பணமும் நாளும் நம்பரோடு வராது. பழைய கம்பெனிக்கே போய்விடும். 84 நாளுக்கு மொத்தமாக ரீசார்ஜ் போட்டவன் இருபதாம் நாள் விலகினால் மீதி 64 நாள் காசு கோவிந்தா! கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் ஆள் பிடிக்கும் மேஸ்திரி, முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவான். அந்த அநியாயத்திலாவது காசு நம் கைக்கு வருகிறது. இங்கே முன்பணம் கொடுப்பதும் நாம், கட்டுப்பட்டுக் கிடப்பதும் நாம்! ஒரு நாள் கெடு தவறினால் அன்றே பேச்சை நிறுத்தத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, மீதி நாளுக்குக் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுக்க மட்டும் தெரியாதா?

மாறிக்கொள்ளும் உரிமை இருந்தால் போட்டி வரும், போட்டி வந்தால் விலை இறங்கும் என்று பாடம் சொன்னவர்கள் 2024 ஜூலையை விளக்கட்டும். ஜியோவும் ஏர்டெல்லும் 3ந் தேதி, வோடபோன் ஐடியா 4ந் தேதி கட்டணத்தை ஏற்றின. ஜியோவின் 155 ரூபாய் ரீசார்ஜ் 189 ஆயிற்று. மற்ற இரண்டிலும் 179 ரூபாய் 199 ஆயிற்று. ஏறத்தாழ ஒரே தாளம்! மூன்று கடையிலும் விலை ஏறினால் எந்தக் கடைக்கு மாறுவது? ஜனங்கள் பதில் கண்டுபிடித்தார்கள். அந்த ஒரே மாதத்தில் பொதுத்துறையான பி.எஸ்.என்.எல்.லில் சுமார் 29 லட்சம் இணைப்புகள் கூடின. தனியார் மூன்றிலும் குறைந்தன. ஆனால் போனவர்களில் பலருக்கு அங்கே கிடைத்தது மெதுவான நெட்டும் எட்டாத டவரும். நவம்பரிலேயே அதன் கணக்கு மறுபடி சரியத் தொடங்கியது. ஏன் சரியாது? தனியார்களில் ஜியோவும் ஏர்டெல்லும் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கிவிட்டார்கள். பி.எஸ்.என்.எல். தன் 4ஜியை நாடு தழுவிய அளவில் தொடங்கியதே 2025 செப்டம்பர் 27ந் தேதி. இதற்கிடையே விருப்ப ஓய்வு என்ற பேரில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நம்பரைத் தூக்கிக்கொண்டு போகும் உரிமை இருக்கிறது. போய் இறங்க ஒரு நல்ல பொது இடத்தை சர்க்கார் நிறுத்தி வைத்திருந்தால்தான் அந்த உரிமையைக் கண்டு மூன்று கம்பெனிகளும் பயப்படும்.

மாற நினைப்பவர்களுக்குச் சில சங்கதிகள். 2019 டிசம்பர் 16 முதல், தகுதியைச் சரிபார்த்த பிறகே கோடு கொடுக்கிறார்கள்; ஆகவே கோடு வந்துவிட்டால் பெரும்பாலும் காரியம் முடிந்த மாதிரி. அது நான்கு நாள்தான் செல்லும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நம் வட்டாரத்துக்குள் மூன்று வேலை நாள், வெளி வட்டாரத்திலிருந்து வருவதானால் ஐந்து வேலை நாள். அதுவரை பழைய சிம் வேலை செய்யும். சிம்மைத் தொலைத்துப் புதிது வாங்கியிருந்தால், 2024 ஜூலை 1 முதல் ஏழு நாள் கழித்தே கோடு கிடைக்கும். திருடர்கள் நம் நம்பரை வேறு சிம்முக்கு மாற்றி பாங்கிப் பணத்தைச் சுருட்டுவதைத் தடுக்க வந்த விதி. இதை நாம் குறை சொல்லமாட்டோம். கோட்டை வேறு யாருக்கும் போனில் படித்துக் காட்டாதீர்கள். கட்டணம் ஆரம்பத்தில் 19 ரூபாய் வரை இருந்தது; 2019ல் 6 ரூபாய் 46 காசு என்று வைத்தார்கள். "போர்ட் சார்ஜ்" என்று நூறு ரூபாய் கேட்கும் கடைக்காரரிடம் ரசீது கேளுங்கள், பேச்சு மாறும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சிம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண் தொழிலாளர்களில் சிலருடைய சிம் காண்டிராக்டர் பேரில் இருக்கிறது; கிராமத்தில் கடைக்காரர் பேரிலோ, என்றோ கோபித்துப் பிரிந்துபோன மைத்துனர் பேரிலோ இருக்கிறது. காகிதத்தில் யார் பேரோ அவர்தான் மாற்ற முடியும்; நம்பரும் அவருடையதாகத்தான் கணக்கு. சர்க்காரின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஆதார்க்காரரின் பேரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று பார்க்கலாம். சங்க ஆபீசில் செல் பார்க்கத் தெரிந்த இளைஞர் எப்படியும் ஒருவர் இருப்பார். சம்பள நாளுக்கு மறுநாள் சாயங்காலம் அவரைச் சற்று உட்கார வைத்து, வருகிறவர்களுடையதையெல்லாம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தவர் பேரில் இருப்பதை முதலில் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு, பிறகு 1900க்கு எழுதலாம்.