டிஸ்சார்ஜ் ஆனால் போதுமா?



2024 மார்ச் 17 இரவு எங்கள் கொல்கத்தா கார்டன் ரீச்சில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி சரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இழப்பீடு, கைது, மாநகராட்சியின் மெத்தனம் எல்லாம் பேசித் தீர்த்தாயிற்று. உயிர் தப்பியவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பாரைத்தான் காணோம்.

இடிபாடோ நோயோ, தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய் மீண்ட எல்லோருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். வென்டிலேட்டரில் கிடப்பவருக்குச் சில நாட்களிலேயே தசை கரையத் தொடங்கிவிடுகிறது. நிமோனியாவிலிருந்து பிழைத்து வந்த என் மைத்துனருக்குச் சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை. பேத்தி பெயர் சட்டென்று வாயில் வரவில்லை. மானிட்டர் சத்தம் கேட்கிறதென்று நடுராத்திரியில் எழுந்து உட்காருவார். 'சோம்பல்' என்றார்கள் சொந்தக்காரர்கள்! இந்தத் தொல்லைகளைத்தான் 'தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறி' என்று மருத்துவர்கள் 2012-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் மன உளைச்சலும் அதில் அடக்கம். எங்களுக்குத் தந்த டிஸ்சார்ஜ் சீட்டிலோ மாத்திரைப் பட்டியல் மட்டுமே.

அரசு, ரயில்வே மருத்துவமனைகள் தீவிர சிகிச்சையிலிருந்து மீண்டவர்களுக்கென்று வாரம் ஒரு நாளாவது தனி ஓ.பி. நடத்த வேண்டும். பிசியோதெரபியும் மனநல ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும்.

– ரயில்வே ஓய்வூதியர், கார்டன் ரீச், கொல்கத்தா