வலி போவது வேறு, வலிமை வருவது வேறு

முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிந்து, அதற்கான அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரிடம் மிகக் கடினமான காலம் எது என்று கேட்டால், முதல் இரண்டு வாரங்கள் என்றே பெரும்பாலோர் கூறுவர். வீக்கமும் வலியும் ஊன்றுகோலுமாகக் கழியும் நாட்கள் அவை. ஆயின், மிகுந்த எச்சரிக்கைக்குரிய காலம் எது என்று கேட்டால், இயன்முறை மருத்துவப் பிரிவில் பணிபுரியும் நாங்கள் கூறும் விடை வேறு. வலி நின்று, வீக்கம் வடிந்து, நடை சீராகி, “இனி எனக்கு ஒன்றுமில்லை” என்று நோயரே எண்ணத் தொடங்கும் மூன்றாம், நான்காம் மாதங்களே அவை.

சுறுசுறுப்பாக வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காலம் மேலும் கடினமானது. கபடி ஆடுபவர், கால்பந்து வீரர், பரதம் பயிலும் மாணவி, நாள்தோறும் வயலில் இறங்கி வேலை செய்பவர் ஆகியோர் ஓய்ந்திருந்து பழகாதவர்கள். கால் வலிக்காதபோது அவர்களை வீட்டில் இருத்தி வைப்பது எளிதன்று. ஆயினும், ஒருவர் களத்துக்குத் திரும்பும் நாளை வலியின்மையோ நாட்காட்டியோ போட்டி அட்டவணையோ முடிவு செய்யக் கூடாது. அளந்து பார்த்த வலிமையே முடிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை நோயரும் குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நன்று.

பேச்சு வழக்கில் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்கிறோம். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே குறுக்காகப் பிணைத்து நிற்பது இந்தத் தசைநார். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், திரும்பும்போது மூட்டு முறுகாமலும் காப்பது இதுவே. பிடியிலிருந்து உருவிக்கொண்டு திரும்பும் கபடி வீரருக்கும், சரியும் இருசக்கர வண்டியைக் காலூன்றித் தாங்க முயல்பவருக்கும் இது ஒரே நொடியில் அறுந்துபோகிறது. அறுவையின்போது, நோயரின் தொடைப் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லின் அருகிலிருந்தோ ஒரு நாணை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அறுந்த நாருக்கு மாற்றாகப் பொருத்துகின்றனர்.

பொருத்தப்பட்ட அன்று அந்த நாண் வலுவாகவே இருக்கிறது. ஆனால் அதற்குரிய இரத்த ஓட்டம் அறுபட்டுவிட்டது. உடல் அதனுள் புதிய இரத்தக் குழாய்களைச் செலுத்தி, புதிய உயிரணுக்களைக் குடியேற்றி, மெல்ல மெல்ல அதனைத் தசைநாராக மாற்றுகிறது. இந்த மாற்றத்தின் இடையில், ஏறத்தாழ ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை, பொருத்திய நாளில் இருந்ததைவிட அது வலுக் குன்றி நிற்கிறது. முழுமையாக முதிர்வதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட பயிர் முதலில் வெளிறிச் சோர்ந்து, வேர் பிடித்த பின்னரே பச்சை பிடிப்பதை உழவர் அறிவர். ஏறக்குறைய அதே ஒழுங்கு இங்கும் உண்டு. நோயருக்கு வலி குறைந்து நம்பிக்கை வளரும் வாரங்களும், உள்ளே நாண் வலுக் குன்றியிருக்கும் வாரங்களும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

தொடைத் தசையின் நிலையும் இத்தகையதே. அறுவைக்குப் பின் தொடையின் முன்புறத் தசை விரைவில் மெலிகிறது. நொண்டல் மறைந்து பல மாதங்கள் ஆன பின்னரும் அதன் வலிமை மற்றக் காலுக்கு ஈடாகாதிருப்பதைப் பலரிடம் காண்கிறோம். நடப்பதற்கு அந்த வலிமை போதும். ஓடிவந்து சட்டெனத் திரும்புவதற்குப் போதாது.

இதற்குச் சான்றும் உண்டு. 106 பேரை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வு அது. உரிய சோதனைகளில் தேறாமலேயே களம் திரும்பியவர்களுள் 38 விழுக்காட்டினர் மீண்டும் முழங்காலில் காயமுற்றனர். தேறித் திரும்பியவர்களுள் அவ்வாறு காயமுற்றோர் ஏறத்தாழ 6 விழுக்காட்டினரே. ஒன்பதாம் மாதம் வரை, களம் திரும்புவதைத் தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆய்வு சிறியதுதான்; ஆயினும் அது காட்டும் திசை தெளிவானது.

அந்தச் சோதனைகள் விளங்காத மந்திரங்கள் அல்ல. முழங்கால் முழுமையாக நீளவும் மடங்கவும் வேண்டும். பயிற்சிக்குப் பின் வீக்கம் தோன்றக் கூடாது. அறுவை செய்த காலின் தொடைத் தசை, மற்றக் காலின் வலிமையில் 90 விழுக்காட்டையேனும் எட்டியிருக்க வேண்டும். ஒற்றைக் காலால் தாவும்போது இரு கால்களும் கடக்கும் தொலைவும் அதே அளவில் ஒத்திருக்க வேண்டும். இவற்றோடு, தம் முழங்காலை நோயர் எவ்வளவு நம்புகிறார் என்பதையும் கேட்டறிகிறோம்.

இனி, குடும்பத்தாருக்குச் சில சொற்கள். அன்பின் மிகுதியால் செய்யப்படும் சில செயல்கள் தீங்காக முடிவதுண்டு. வலியில் இருப்பவரின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது அவற்றுள் முதன்மையானது. அது அப்போதைக்கு இதமாயிருக்கும். ஆனால் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகி, பின்னர் முழுதாக நீள மறுக்கும். மருத்துவர் வேறு விதமாகக் கூறியிராவிடில், தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும், நாட்டுக் கட்டுப் போடுவதும் இப்போது வேண்டா. கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றினால், அது இரத்தக் கட்டியின் அறிகுறியாக இருக்கக்கூடும். அதை உருவாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. தரையில் சம்மணமிடுவதும் குந்தி அமர்வதும் எப்போது தொடங்கலாம் என்பதை எங்களிடம் கேட்டறியுங்கள். அதுவரை நாற்காலியும் உயரமான கழிப்பறை இருக்கையும் துணையாகட்டும்.

செலவைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். அறுவைக்காகக் கடன் வாங்கியேனும் பணம் திரட்டும் குடும்பங்கள், அதன் பின்னர் வாரந்தோறும் பயிற்சிக்கு வந்து போகும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்கும் கூலியையும் வீண்செலவாகக் கருதுவதைக் காண்கிறோம். அவர்களுடைய நெருக்கடி உண்மையானது; அதை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், பயிற்சியில்லா அறுவை பாதி வேலையே. நாள்தோறும் வருவது இயலாதெனில் வெளிப்படையாகக் கூறுங்கள். வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகளை வகுத்துத் தந்து, குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து பார்க்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் பெருங்கேடு.

விரைந்து திரும்பத் துடிப்பவர்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பொங்கல் நாளில் ஊர்க் கபடிப் போட்டி காத்திருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ வேலையோ கிடைக்கும் வாய்ப்பு ஒரே ஒரு பருவத்தைச் சார்ந்திருக்கிறது. அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஓராண்டை இழப்பது இளையவர்களுக்குச் சிறிய இழப்பன்று. எனினும் மீண்டும் நார் அறுந்தால், இரண்டாம் அறுவையும் மற்றுமோர் ஆண்டும், சில வேளைகளில் அந்த விளையாட்டுமே இழப்பாகும். பயிற்சியாளர்களும் ஆசிரியர்களும் இந்தக் கணக்கை உடனிருந்து போட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. “பட்டது போதும், இனி மைதானம் பக்கமே போகாதே” என்று அஞ்சித் தடுக்கும் குடும்பங்களும் உள்ளன. இந்தத் தடை பெண் பிள்ளைகள் மீது இன்னும் கடுமையாக விழுகிறது. 7,500-க்கும் மேற்பட்ட நோயர்களின் தரவுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வின்படி, 81 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பினர். காயத்துக்கு முந்தைய நிலையை எட்டியவர் 65 விழுக்காட்டினர். போட்டி ஆட்டத்துக்கு மீண்டவர் 55 விழுக்காட்டினர். எல்லோரும் பழைய நிலையை அடைவதில்லை என்பது உண்மை. அவ்வாறு அடையாதோர் பலரைத் தடுத்து நிறுத்துவது மூட்டின் குறையன்று, மனத்தில் தங்கிய அச்சம். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்காலில் காயமுற்றுத் தூக்குப்படுக்கையில் வெளியேறினார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். வீட்டார் அஞ்சித் தடுத்திருந்தால் எத்தனை பெண்களின் ஆட்டம் இடையிலேயே நின்றிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, அவசரத்துக்கும் அச்சத்துக்கும் நாங்கள் கூறும் மருந்து ஒன்றே: அளந்து பாருங்கள். அடுத்த முறை வரும்போது, “நான் எப்போது ஆடலாம்?” என்று மட்டும் கேட்காமல், “என் கால் மற்றக் காலின் வலிமையில் எத்தனை விழுக்காட்டை எட்டியிருக்கிறது?” என்றும் கேளுங்கள். விடையைத் தேதியுடன் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உடன் வருபவர்களும் அதைப் பார்க்கட்டும். எண் ஏறுவதைக் காணும்போது காத்திருப்பது சற்று எளிதாகும். ஏறாவிட்டால், பயிற்சியை எங்கே மாற்ற வேண்டும் என்பதைச் சேர்ந்து கண்டறிவோம்.