கருவி வந்துவிட்டது, அறை தயாரா?

கடந்த ஆண்டு, செம்பனை எண்ணெயைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் தொழில்துறைப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே புதிய வாயு குரோமட்டோகிராஃபி கருவி ஒன்று மரப்பெட்டியில் வந்து இறங்கியது. எண்ணெயில் எந்தக் கொழுப்பமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவி அது. பல்கலைக்கழகத்தில் அதை இயக்கிப் பழகியிருந்ததால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். மேசைமேல் தூக்கி வைத்து இணைப்புகளைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பொருத்த வந்த இன்ஜினியர் பெட்டியைத் தொடவே இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசை சுவரோடு ஒட்டியிருந்தது. “தம்பி, இதோட அடுப்பு குளிரும்போது சூடான காற்று பின்பக்கமாத்தான் வெளியே வரும். அங்கே சுவர் இருந்தா எங்கே போகும்?” என்று கேட்டார். நான் விழித்தேன். அந்த அடுப்பு 300 டிகிரி செல்சியசுக்கு மேலும் சூடாகும் என்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான்.

அடுத்து மின்சாரம். ஏற்கெனவே கணினியும் குளிர்பதனப் பெட்டியும் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் வயரைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். கருவிக்குத் தனி மின்சுற்று வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும், அதற்கு வயர்மேன் வர வேண்டும் என்றார்.

ஆனால், அவர் அதிக நேரம் நின்றது வாயு எச்சரிக்கைக் கருவியின் முன்னால்தான். அது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டப்பட்டிருந்தது. வீட்டுச் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தங்கும். அதற்கு அந்த இடம் சரி. இந்தக் கருவியின் உணர்கருவிக்கு வேண்டியதோ ஹைட்ரஜன். எல்லா வாயுக்களிலும் இலேசானது, கசிந்தால் கூரைக்குப் போகும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும். கீழே மாட்டிய எச்சரிக்கைக் கருவி அதுவரை வாய் திறந்திருக்காது. நைட்ரஜன் சிலிண்டரோ, சன்னல்கூட இல்லாத குளிர்சாதன அறைக்குள், சங்கிலி போடாமல் நின்றது. நைட்ரஜன் எரியாது, மணக்காது. கசிந்தால் அறையின் உயிர்வளியைச் சத்தமில்லாமல் குறைக்கும். 21 விழுக்காடு இருக்க வேண்டியது 19.5க்குக் கீழே போனால் ஆபத்து என்கிறார்கள்.

இவை எல்லாம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுப்பிய வழிகாட்டியில் இருந்தன. அந்த மின்னஞ்சலை யாரும் திறந்து பார்க்கவில்லை.

சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள் என்று மேலாளருக்குக் கோபம். எனக்கும் அப்போது வீண் தாமதமாகத்தான் தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை. நமது செய்முறைப் புத்தகங்கள் ‘கருவியை இயக்கவும்’ என்றுதான் தொடங்குகின்றன. வாயு எங்கிருந்து வருகிறது, வெப்பம் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. அது உதவியாளரின் வேலை, பாடத்திட்டத்தில் நேரமில்லை என்று விரிவுரையாளர்கள் சொல்லக்கூடும். ஆனால், சிறிய ஆய்வுக்கூடங்களில் உதவியாளரும் நாம்தான். பயிற்சியின் இரண்டாம் வாரமே அந்தச் சரிபார்ப்புப் பட்டியல் என் கையில்தான் கொடுக்கப்பட்டது.

முதல் செய்முறை வகுப்பில் எந்தக் கருவியையும் முடுக்க வேண்டாம். குழாயைப் பிடித்துக்கொண்டே சிலிண்டர்வரை மாணவர்கள் நடந்து போகட்டும். எதை மூடினால் எது நிற்கும் என்று கையால் தொட்டுப் பார்க்கட்டும். ஒரு மணி நேரம் போதும்.

பல்கலைக்கழகம் திரும்பியதும், ஹைட்ரஜனின் முதன்மை வால்வு எங்கே என்று ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணனிடம் கேட்டேன். கட்டடத்தின் பின்பக்கம் அழைத்துப் போய்க் காட்டினார். மூன்று ஆண்டுகளில் இதைக் கேட்ட முதல் மாணவன் நான்தானாம்.