தையல் பிரித்த பிறகு யார் பொறுப்பு?

மன்மோகன் சிங் பிரதமராக இருந்தபோது, 2009 ஜனவரி 24 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் அவருக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 76. இரண்டு நாள் கழித்து நடந்த குடியரசு தின அணிவகுப்பில் அவர் இல்லை. அதே ஆண்டு மே மாதம் தேர்தல் முடிந்து, இரண்டாம் முறையாகப் பிரதமர் பதவியேற்றார். 2024 டிசம்பரில், 92ஆவது வயதில்தான் காலமானார். நெஞ்சைத் திறந்தாயிற்று, இனி அவ்வளவுதான் என்று மூலையில் முடங்குகிறவர்களிடம் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனால், அது அவருக்கு முதல் பைபாஸ் அல்ல. 1990இல் பிரிட்டனில் ஒரு முறை செய்திருந்தார்கள். இடையில், ரத்தக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்டும் பொருத்த நேர்ந்தது. அதன் பிறகும் 2009இல் மறுபடி கத்தி.

காரணம் எளிது. பைபாஸ் என்பது புறவழிச்சாலை. ஊருக்குள் இருக்கும் நெரிசலை அது தீர்ப்பதில்லை. வண்டிகளை வெளியே திருப்பிவிடுகிறது, அவ்வளவே. ரத்தக் குழாயில் கொழுப்பைப் படியவைத்த சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், கெட்ட கொழுப்பு எல்லாம் அறுவைக்கு மறுநாளும் அங்கேயே இருக்கின்றன. மார்புக்குள் இருக்கும் தமனியை எடுத்து இணைத்தால் பத்தாண்டுக்குப் பிறகும் பெரும்பாலும் அது திறந்தே இருக்கும். காலிலிருந்து எடுத்த சிரைகள் அப்படியல்ல. பத்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதி அடைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் பில் கிளிண்டனுக்கு 2004இல் நான்கு இடங்களில் பைபாஸ் செய்தார்கள். அடுத்த ஆண்டே நெஞ்சுக்குள் சேர்ந்த நீரையும் தழும்புத் திசுவையும் அகற்ற மீண்டும் அறுவை. 2010இல் இரண்டு ஸ்டென்ட். அதற்குப் பிறகுதான் அவர் இறைச்சியை விட்டு, காய்கறி உணவுக்கு மாறினார். உலகின் மிகச் சிறந்த மருத்துவம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவரின் கதையே இது.

தமிழ்நாட்டுக்கு பைபாஸ் புதிதல்ல. 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்ததுதான் இந்தியாவின் முதல் பைபாஸ். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்று மாவட்டத் தலைநகரங்களிலும் அது நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு கூலி வேலை செய்பவருக்கும் அது கிடைக்கிறது. சாதனைதான், சந்தேகமில்லை. அறுவை அரங்கில் இவ்வளவு தூரம் வந்த நாம், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து நோயாளியை ஆட்டோவில் ஏற்றிவிட்டதும் கதையை முடித்துக்கொள்கிறோம் என்பதுதான் வருத்தம்.

அந்த ஆட்டோ வீட்டு வாசலில் நின்றதும் வேறொரு வைத்தியம் தொடங்குகிறது. நலம் விசாரிக்க வருபவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அசையாமல் படுத்திரு என்பார் ஒருவர். ரத்தம் ஊற ஆட்டுக்கால் சூப் குடி என்பார் இன்னொருவர். மாத்திரை சூடு, நாட்டு மருந்துக்கு மாறிவிடு என்பார் மூன்றாமவர். இந்த அறிவுரைகளுக்கு பில் வராது என்பது மட்டுமே ஆறுதல்.

உண்மையில் நடப்பது என்ன? அறுவைக்காக நடு நெஞ்செலும்பை நெடுக அறுத்து, பிறகு எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். தோலில் போட்ட தையல் சீக்கிரம் ஆறிவிடும். எலும்பு சேர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை கனம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை மூன்றுக்கும் இது பொருந்தும். தரையில் கையூன்றி எழுவதும், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவதும், ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவதும் அந்த எலும்பைத்தான் இழுக்கும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமவேண்டும். மருத்துவமனையில் கொடுத்த மூன்று பந்துக் கருவியை வீட்டு அலமாரியில் வைத்துவிடாமல், அதில் மூச்சை ஆழமாக உள்ளிழுத்துப் பழகிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் சளி தங்காது.

அதே நேரம், கனம் தூக்காதே என்பதற்குப் படுத்தே கிட என்று அர்த்தமில்லை. நடக்கத்தான் வேண்டும். முதல் வாரம் வீட்டுக்குள் சில நிமிடங்கள், பிறகு தெருமுனை வரை, அதன் பிறகு சற்று வேகமாக. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்பதே அளவுகோல். மூச்சிரைத்துப் பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று பொருள். இரண்டு மாடிப்படி மூச்சிரைக்காமல் ஏற முடிந்தால் தாம்பத்திய உறவையும் தொடங்கலாம் என்பதே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம் மருத்துவமனைகளில் இதை மருத்துவரும் சொல்வதில்லை, நோயாளியும் கேட்பதில்லை. பயத்தில் பல தம்பதிகள் தனித்தனி அறைக்குப் போய்விடுகிறார்கள்.

மனசைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. அறுவைக்குப் பிறகு ஐந்தில் ஒருவருக்காவது மனச்சோர்வு வருகிறது. காரணமில்லாமல் அழுவார்கள், தூக்கம் வராது, எரிந்து விழுவார்கள். உயிர் பிழைத்து வந்தவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று வீட்டில் குழம்புவார்கள். இது பிடிவாதமல்ல, மருத்துவம் பார்க்கவேண்டிய நிலை. மனச்சோர்வு உள்ளவர் மாத்திரையை விடுவார், நடையை விடுவார், கடைசியில் மறுபடி மருத்துவமனைக்கே வருவார்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். ஆணுக்கு அறுவை என்றால் வீடே தாங்குகிறது. பெண்ணுக்கு நடந்தால் மூன்றாம் வாரமே இட்லி மாவு யார் அரைப்பது என்ற கேள்வி சமையலறையிலிருந்து எழும்.

வால்வு மாற்றியவர்களுக்குக் கவலை வேறு. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, இளவயதிலேயே செயற்கை வால்வு வைத்துக்கொண்ட பெண்கள் இங்கே ஏராளம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. குறைந்த விலையில் கிடைத்த அந்த வால்வு ஏழைகள் பலரைக் காத்திருக்கிறது. ஆனால் உலோக வால்வு வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடவேண்டும். அளவு குறைந்தால் வால்வில் கட்டி சேரும், கூடினால் ரத்தம் கசியும். அதனால்தான் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை; பொதுவாக அது 2க்கும் 3.5க்கும் இடையில், அவரவர் வால்வுக்கேற்ப இருக்கவேண்டும். இவர்களிடம் கீரையே தொடாதே என்று சொல்லி அனுப்புவது தவறான பத்தியம். கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் கீரை சாப்பிடுகிறவர் அதே இரண்டு நாளைத் தொடர்ந்தால், மருத்துவர் அதற்கேற்ப மாத்திரை அளவை வைத்துவிடுவார். ஒரு மாதம் விரதம், மறுமாதம் விருந்து என்பதுதான் ஆபத்து. பல் பிடுங்கப் போனாலும் வால்வு வைத்திருப்பதை முதலில் சொல்லவேண்டும்; கிருமி ரத்தத்தில் கலந்து வால்வைத் தொற்றாமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தருவார்கள். கருத்தரிக்க நினைக்கும் பெண் அதற்கு முன்பே இதய மருத்துவரைப் பார்க்கவேண்டும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும்.

இதையெல்லாம் ஒரு நோயாளிக்கு யார் சொல்லித்தருவது? உலகம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது: இதய மறுவாழ்வுப் பயிற்சி. கண்காணிப்பில் உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, மாத்திரை பற்றிய தெளிவு, மனநல உதவி எல்லாம் சேர்ந்த பல வார வகுப்பு அது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு இதற்கு 36 அமர்வுகள் வரை பணம் தருகிறது. ஜப்பானியக் காப்பீட்டில் 150 நாள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தப் பயிற்சி பெற்ற இதய நோயாளிகளிடம் இதயம் சார்ந்த மரணம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது.

செலவு அதிகமாயிற்றே என்பார்கள். யோகாவை வைத்தே இதைச் செய்ய முடியுமா என்று இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த சுமார் 4,000 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2020இல் வெளியானது. மரணமோ மறு மாரடைப்போ குறைந்ததாக அது நிரூபிக்கவில்லை, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் யோகா வகுப்புக்கு வந்தவர்கள் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கும் கூடுதலாகத் திரும்பினார்கள். கூலியை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

மாத்திரையின் கதை இன்னும் கசப்பானது. 17 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேரைப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2011இல் வெளியானது. அதில் இந்தியாவையும் உள்ளடக்கிய ஏழை நாடுகளின் இதய, பக்கவாத நோயாளிகளில் 80 சதவீதம் பேர், நோய் மறுபடி தாக்காமல் தடுக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை. ஆஸ்பிரினும் ஸ்டேட்டினும் விலையுயர்ந்த மருந்துகள் அல்ல. உடம்பு நன்றாக இருக்கிறதே, இனி எதற்கு என்று விட்டுவிடுவதும், விட்டதை யாரும் கவனிக்காததும் பெரிய காரணங்கள்.

கவனிக்க ஆள் இல்லாத மாநிலமல்ல தமிழ்நாடு. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிசியோதெரபி செய்பவரும் வருகிறார். 2023இல் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தார்கள். நெஞ்சுவலியோடு வருபவருக்கு உடனே தரும் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கின்றன. குறைவது இவற்றைக் கோக்கும் நூல்தான். காப்பீட்டில் இதய அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரின் பெயரும் அவரது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் வாரம் மூன்று நாள் மறுவாழ்வு வகுப்பு நடக்கவேண்டும். அறுவைக்கு லட்சங்கள் தரும் காப்பீடு, அதன் பலனைக் காக்கும் பயிற்சிக்குச் சில ஆயிரங்களும் பஸ் கட்டணமும் தருவது தானம் அல்ல; போட்ட பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

அரசு செய்யும்வரை காத்திருக்கவேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் வீட்டார் சில கேள்விகளை மருத்துவரிடம் கேட்டு, தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். எந்த மாத்திரை எத்தனை நாளுக்கு? எந்த வாரம் எவ்வளவு தூரம் நடக்கலாம்? எப்போது வேலைக்குப் போகலாம், எப்போது வண்டி ஓட்டலாம்? காயத்தில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நெஞ்செலும்பு ‘க்ளிக்’ என்று அசைந்தாலோ, கால் வீங்கி ஓரிரு நாளில் எடை ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ எந்த எண்ணுக்கு அழைக்கவேண்டும்? இதற்கெல்லாம் பதில் வாங்காமல் மருத்துவமனை வாசலைத் தாண்டாதீர்கள்.