‘எப்போதும்’ வேறு, ‘எப்பப் பார்த்தாலும்’ வேறு!

வேலைக்கான நேர்காணல். பழைய மேலாளர் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறார்கள். அவரைப் பாராட்ட நினைத்த இளைஞர், ‘ஹி இஸ் ஆல்வேஸ் ஆஸ்கிங் ஃபார் மை ஒப்பீனியன்’ என்கிறார் என்று வையுங்கள். ‘என் கருத்தைத் தவறாமல் கேட்பார்’ என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனால் கேட்பவர் காதில், ‘எப்பப் பார்த்தாலும் என்கிட்டயே வந்து கேட்டுக்கிட்டு இருப்பாரு’ என்று விழக்கூடும். பாராட்டு புகாராகிவிட்டது!

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பிறகு எங்கே கோளாறு?

‘ஆல்வேஸ்’ வந்தால் சாதாரண நிகழ்காலம் போட வேண்டும் என்பது பள்ளியில் சொல்லித்தரும் சூத்திரம். ‘தி சன் ஆல்வேஸ் ரைசஸ் இன் தி ஈஸ்ட்’ போன்ற வாக்கியங்களுக்கும், கோடிட்ட இடத்தை நிரப்பவும் அது போதும். ஆனால் அதே சொல், ‘இங்’கில் முடியும் தொடர் நிகழ்காலத்தோடும் வரும். அப்போது கூடவே ஒரு தொனியும் வந்துவிடும். பெரும்பாலும் அது சலிப்பு. ‘ஷி இஸ் ஆல்வேஸ் ஹெல்பிங் அதர்ஸ்’ என்பதுபோல் சில இடங்களில் வியப்பாகவோ வாஞ்சையாகவோ இருக்கும். சொல்லும் குரலும் சூழலும் அதைத் தீர்மானிக்கும்.

இது தமிழருக்குப் புதிய விஷயமே இல்லை. ‘அவன் எப்போதும் போன் பேசுவான்’ என்பது தகவல். ‘எப்பப் பாரு, போன்தான்!’ என்பது திட்டு. தமிழ் சொல்லை மாற்றிக் காட்டும் வேறுபாட்டை, ஆங்கிலம் வினைவடிவத்தை மாற்றிக் காட்டுகிறது. அந்த இளைஞர் ‘ஹி ஆல்வேஸ் ஆஸ்க்ஸ் ஃபார் மை ஒப்பீனியன்’ என்று சொல்லியிருந்தால் பாராட்டு பாராட்டாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொரு சிக்கல், ‘நாட்’ சேரும்போது வருகிறது. ‘இந்த மருந்து எப்போதும் வேலை செய்யாது’ என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. சில நேரம் கேட்காது என்பது ஒன்று. ஒருபோதும் கேட்காது என்பது மற்றொன்று. ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். முதலாவது ‘டஸ் நாட் ஆல்வேஸ் ஒர்க்’. இரண்டாவது ‘நெவர் ஒர்க்ஸ்’. தமிழை அப்படியே பெயர்த்து ‘ஆல்வேஸ் டஸ் நாட் ஒர்க்’ என்றால் கேட்பவர் குழம்புவார். மருந்து விஷயத்தில் அந்தக் குழப்பம் ஆகாது.

இருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். வெறும் வினைச்சொல் என்றால் அதற்கு முன்னால்: ‘ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்’. ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ என்றால் அதற்குப் பின்னால்: ‘ஹி இஸ் ஆல்வேஸ் லேட்’.

‘ஆல்வேஸ் என்றால் எப்போதும்’ என்று அகராதிப் பொருளை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பது பாதிப் பாடம்தான். எந்த வடிவத்தில் அது தகவல், எந்த வடிவத்தில் குத்தல் என்பதையும் வகுப்பறையிலேயே சொல்லித்தர வேண்டும். அதற்குப் பெரிய இலக்கணப் புத்தகம் தேவையில்லை. வீட்டில் அம்மா சொல்லும் ‘எப்பப் பாரு...’ போதும், மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.