மீண்டெழுதல் யாருடைய கடமை?

பாடசாலை மாணவரைக் கவியரங்க மேடையேற்றி, மீண்டெழும் ஆற்றலைப் பாடச்செய்து, பின்னர் “இதனால் நீ கற்றது யாது?” என எழுதக் கேட்பது கல்விப்பணியாகப் போற்றப்படுகின்றது. “துன்பத்தைத் தாங்கக் கற்றேன்” என்பதே அங்கு எதிர்பார்க்கப்படும் விடை. இவ்வெதிர்பார்ப்பு வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

2004இன் கடற்கோள், 2009இல் வன்னியில் முடிவுற்ற போர், 2022இன் பொருளாதார நெருக்கடி ஆகியவற்றை ‘இடர்’ என்னும் ஒரே சொல்லில் அடக்குவோர், இயற்கையின் செயலையும் மனிதரின் செயலையும் வேறுபடுத்தாது விடுகின்றனர். பொறுப்புக் கூறவேண்டியோர் மறைய, பொறுத்துக்கொள்ள வேண்டியோர் மாத்திரமே மேடையில் எஞ்சுகின்றனர்.

எமது வாய்மொழி மரபு இத்தகையதன்று. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக மக்கள் பாடல்களில் துரையின் அடக்குமுறையும் கங்காணியின் கொடுமையும் வெளிப்படையாகவே பாடப்பட்டுள்ளன. எழுத்தறிவு மறுக்கப்பட்ட தொழிலாளர் தம்மை வருத்தியோரைச் சுட்டிப் பாடினர். எழுத்தறிந்த மாணவருக்கு அவ்வுரிமை இல்லையா?

மாணவர் தாம் மீண்டெழுந்ததைப் பாடுக. தம்மை வீழ்த்தியோரையும் சுட்டிப் பாடுக. “நீ கற்றது யாது?” என்னும் வினா, அம்மேடையின் முன்வரிசையில் அமர்ந்திருப்போரிடமும் கேட்கப்படல் வேண்டும்.